வண்டி ஓடுதான்னு கேட்ட அப்பா

"ஸ்டார்ட் பண்ணாதீங்கப்பா! ஸ்டார்ட் பண்ணாதீங்க!"

மூணு தடவ கத்துனேன்க்கா. என் வலது கை முழங்கை வரைக்கும் பானட்டுக்குள்ள, ஃபேனுக்குப் பின்னாடி கெடக்கு. கார்பரேட்டர் ஸ்க்ரூவோட ஸ்பிரிங் கீழ விழுந்துருச்சுன்னு தொழாவிக்கிட்டு இருந்தேன். பானட் தூக்கி நின்னதால அப்பாவுக்கு என்னையத் தெரியாது. ஆனா அவரு உக்காந்திருந்த எடத்துக்கும் எனக்கும் நாலடிதான். தெருக்கோடில டீக்கடை மத்தியாஸண்ணன் பாய்லர விட்டுட்டு ஓடியாந்தாரு, அந்தக் கத்து.

'கிர்ர்'னு வண்டி எடுத்துருச்சு. கைய இழுத்துட்டேன். தாவணிய இழுக்க முடியல. ஒரு மொழம் ஃபேன் சுருட்டிப் பிச்சிருச்சு.

வெரல்ல ஒரு கீறல், அவ்வளவுதான். பயந்துறாத. புள்ளத்தாச்சிக்கு இதெல்லாம் எழுதலாமான்னே தெரியல. எல்லாரும் படுத்துட்டாங்க, வெளக்கத் தணிச்சு வச்சு எழுதுறேன். எழுத்துக் கோணலாத்தான் இருக்கும்.

ஞாயித்துக்கெழம உன்னையப் பிரசவத்துக்குக் கூட்டியார அப்பாவோட சுவக்கீன் மொதலாளி அம்பாசடரக் குடுக்குறேன்னுட்டாரு. "ஏலக்கா மூட்டையே ஏத்துறோம், நம்ம டிரைவர் சோலை மகளுக்கு இல்லையா"ன்னாராம். ஆனா வண்டிக்கு ஒரு நோக்காடு. மிதிச்சா நல்லா ஓடும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலெடுத்தா ரெண்டு குலுக்கு குலுக்கி நின்னுரும். கம்பம்மெட்டு மலை எறக்கத்துல வளைவுக்கு வளைவு காலெடுக்கணும்ல. உன்னைய வச்சுக்கிட்டு நடுவளைவுல நின்னா என்ன ஆகுறது? அதான் அப்பா இன்னைக்குக் காலைலயே கார்பரேட்டரக் கழட்டிட்டாரு.

பெட்ரோல் வெலை ஏறுனதுலருந்து மொதலாளி ஐட்லிங்க, அதான் காலெடுத்தப்ப எஞ்சின் ஓடுற வேகத்தக் கொறச்சு வைக்கச் சொல்லுவாரு. அதனாலயோன்னு மொதல்ல ஐட்லிங் ஸ்க்ரூவக் கொஞ்சம் ஏத்துனோம். கோளாறு போகல. அப்பறம் ஸ்லோ ஜெட்ட, பெட்ரோல் வர்ற ஊசித்தொளை அது, எடுத்து, வெளிச்சத்துக்கு நேராப் புடிச்சுப் பாத்து, வாய வச்சு ஊதுனாரு. தூசி இருந்துச்சு. மாட்டுனோம். அப்பவும் நின்னுருச்சு.

ஒவ்வொரு தடவையும் அப்பா என்னையத்தான் கேப்பாரு. "ஏத்தா ராமு, ஓடுதா? எப்படி ஓடுது, சொல்லு."

இது இன்னைக்கு நேத்து இல்லக்கா. ஆறேழு மாசமா ஸ்கூல் விட்டு வந்ததும் கூப்புடுவாரு. "கேளு, சீரா இருக்கா, விட்டு விட்டு அடிக்குதா?" ஆம்பளப் புள்ள இல்லாத வீடு, எனக்குத்தான் தொழில் சொல்லித் தர்றாருன்னு நெனச்சுக்கிட்டேன். கிளாஸ்ல செல்லாத்தாள்கிட்ட என்னா பீத்து பீத்துனேன் தெரியுமா! மத்தியாஸண்ணன் கூட, "சோலை, மக கல்யாணத்துக்கு அண்டா குண்டாவுக்குப் பதிலா ஸ்பேனர் செட்டு குடுத்துருய்யா"ன்னு கத்துவாரு. அப்பா சிரிப்பாரு. அவரு எதுக்கும் சிரிப்பாருல்ல.

இன்னைக்கு நான் தலையக் குனிஞ்சப்ப கார்பரேட்டருக்கு அடியில 'உஸ்ஸ்'ன்னு ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். ஆனா காதுக்குள்ள ஊசி விட்ட மாதிரி இருந்துச்சு. "காத்து இழுக்குதுப்பா"ன்னேன். அப்பாவும் குனிஞ்சாரு. அவரு தலை என் தலையவிடப் பக்கத்துல இருந்துச்சுக்கா, சத்தத்துக்கு. "எங்க?"ன்னாரு. "இங்கதான, கேக்கலையா?" "எங்கன்னு வெரல வச்சுக் காட்டு." காட்டுனேன். ரெண்டு சொட்டு தண்ணி விட்டாரு. தண்ணிய உறிஞ்சிருச்சு, 'உஸ்' ஒரு நிமிசம் நின்னுச்சு, எஞ்சின் சத்தமே மாறிருச்சு. அப்பா மட்டும் உள்ளங்கைய மட்கார்டுல வச்சு, கண்ண மூடி நின்னாரு. நடுக்கத்துல கண்டுபுடிச்சாரு போல. அப்ப எனக்குப் புரியல.

அடியில காத்து புகாம வச்சிருந்த பேக்கிங் அட்டை ஒரு எடத்துல இத்துப் போயிருக்கு. காலண்டர் அட்டைய வச்சு, சுத்தியால தட்டி அச்செடுத்து, கத்தரிச்சு, கிரீஸ் தடவி மாட்டுனோம். காலெடுத்தும் நிக்காம வண்டி அவ்வளவு அமைதியா ஓடுச்சு. கடைசியா ஸ்க்ரூவச் சரி பண்றப்பத்தான் ஸ்பிரிங் தெறிச்சு, எஞ்சின் நின்னுச்சு. அப்பா, எஞ்சின் நின்னா ஸ்டியரிங் முன்னாடி எரியுமே, அந்தச் சிவப்பு லைட்டப் பாத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணிட்டாரு.

எறங்கி வந்து தாவணியப் பாத்தாரு. என் கையப் பெரட்டிப் பெரட்டிப் பாத்தாரு. "ஏன்த்தா ஒரு சத்தம் குடுக்கக் கூடாது?"ன்னாரு.

மத்தியாஸண்ணன் மூச்சு வாங்கிக்கிட்டு, "இவ கத்துனது கொமுளி வரைக்கும் கேட்டுருக்கும்யா, நீ என்னா தூக்கமா?"ன்னாரு. அப்பா சிரிச்சாரு. அந்தச் சிரிப்பப் பாத்தப்பத்தான்க்கா எனக்கு வெளங்குச்சு.

மத்தியாஸண்ணன் போனதும் கேட்டேன், அப்பா சொல்லிட்டாரு. போன மழைக்கு ஒரு மாசம் காய்ச்சல்ல கெடந்தாருல்ல, அதுலருந்துதானாம். எடது காது சுத்தமாக் கேக்கல. வலதுல ஏதோ தண்ணிக்குள்ள கேக்குற மாதிரியாம். மொகத்தப் பாத்துத்தான் பேச்சப் புரிஞ்சுக்கிறாரு. அம்மா தெனமும் திட்டும்ல, "நான் கூப்புட்டா மட்டும் இந்த மனுசனுக்குக் காதடைச்சுக்கும்"னு. நாம எல்லாரும் சிரிப்போம். மொதலாளி வொர்க்சாப்புக்கு எடுத்துட்டுப் போன்னு சொல்லியும் இவரே ஏன் கழட்டுனாருன்னா, அங்க மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணிட்டு, "கேளுண்ணே, எப்புடி இருக்கு?"ம்பான். அவன்கிட்ட என்ன சொல்றது?

"அப்ப வளைவுல எதிர் வண்டி ஹாரன் அடிச்சா?"ன்னேன், அவரு மொகத்துக்கு நேரா.

"மெதுவாப் போவேன். புழுதி தெரியுதான்னு பாப்பேன்."

"மழையில புழுதி ஏதுப்பா?"

குனிஞ்சு ஸ்பேனரத் தொடைச்சாரு. கேக்கலையா, கேட்டும் பேசலையா, தெரியல.

ஸ்பேனரக் கீழ வச்சுட்டு, "டிரைவர் வேலையத் தவுத்து எனக்கென்னத்தா தெரியும்"னாரு. அப்பறம், "ஞாயித்துக்கெழம நீ முன்சீட்ல உக்காரு. எதிர் வண்டி ஹாரன் அடிச்சா என் முட்டில ஒரு தட்டு தட்டு. ஒரு பய கண்டுபுடிக்க மாட்டான்"னாரு. ஐட்லிங் கோளாறுக்கு வழி சொன்ன மாதிரியே சொன்னாருக்கா, அட்டைய வெட்டி வச்சு அடைச்சுறலாங்குற மாதிரி.

சரின்னு தலையாட்டிட்டேன்.

இந்தக் காயிதத்தக் காலைல போஸ்ட்ல போட்டா சனிக்கெழம உனக்குக் கெடச்சுரும். படிச்சா நீ அந்த வண்டில ஏற மாட்ட. பிச்சைமணி மச்சான் ஏன்னு கேப்பாரு. அவரு வாயில ஒரு விசயம் ஒரு நாள் தங்காது. மொதலாளி காதுக்குப் போயிரும், அப்பா வீட்ல உக்காந்துருவாரு. போடலைன்னா, ஒண்ணுந்தெரியாம வயித்தப் புடிச்சுக்கிட்டுப் பின்சீட்ல உக்காந்து வருவ. நான் முன்னாடி, அவரு முட்டிப் பக்கத்துல கைய வச்சுக்கிட்டு.

எழுதுறதுக்கு முன்னாடி படுத்துக் கெடந்தப்பவே வளைவுகள ஒவ்வொண்ணா மனசுல ஓட்டிப் பாத்துட்டேன். நம்ம வண்டியும் வளைவுல ஹாரன் அடிக்கணும்ல. நம்ம ஹாரனும் எதிர் லாரி ஹாரனும் ஒரே நேரத்துல அடிச்சு, எனக்கே அது கேக்காமப் போச்சுன்னா என்னக்கா பண்ணுவேன்?