மாவரசி ஓடுமா, ஓடாதா

மாவரசி கிரைண்டர் கம்பெனி முதன்முதலாகப் பன்னிரண்டு மணி நேரக் கார் பந்தயத்தில் இறங்கியபோது அவர்களுடைய காரில் எஞ்சின் இல்லை. எஞ்சின் வந்துகொண்டிருந்தது. அது வரும்வரை வண்டியை ரசிகர்களின் விவாதத்தில் ஓட்டிக்கொள்வதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது, பந்தயக் குழுவும் சரி என்றுவிட்டது. போன வருஷம் ஒரு பம்புசெட் கம்பெனிகூட இப்படித்தான் மூன்றரை மணி நேரம் ஓட்டியது.

இதில் பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. தடத்தை ஒட்டி ஒரு சாமியானா போட்டிருந்தார்கள். நடுவில் நடுவருக்கு ஒரு நாற்காலி, வலது பக்கம் 'ஓடும்' என்கிற அணி, இடது பக்கம் 'ஓடாது' என்கிற அணி. இரண்டு பக்கமும் மனசாரப் பேசுகிற வரைக்கும் கார் ஓடும். ஒரு பக்கம் வாயடைத்துப் போனாலோ, எதிராளி சொல்வதுதான் சரி என்று ஒத்துக்கொண்டாலோ நின்றுவிடும். சும்மா ஒப்புக்குப் பேசினால் காருக்குத் தெரிந்துவிடும். இரண்டு முறை இருமிவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடாய்ப் போயிற்று. 'ஓடும்' என்று பேச ஊரே வரிசை கட்டி நின்றது. கோயமுத்தூரில் வீட்டுக்கு வீடு மாவரசி சுற்றுகிறது, நம்ம ஊர்க் கம்பெனி வேறு, விட்டுக்கொடுப்பார்களா? 'ஓடாது' என்று அடிமனசிலிருந்து நம்புகிற ஆள், அதைப் பொழுது சாயும்வரை சொல்லத் தெம்புள்ள ஆள், தேடித் தேடி ஒருவர்தான் அகப்பட்டார். மோட்டார் ரீவைண்டிங் கடை சென்னியப்பன். முப்பது வருஷமாக ஒரு பந்தயம் விடாமல் பார்க்கிற ரசிகர். காரை ஓட்டப் போகிறவள் அவருடைய மகள் பூர்ணிமா. கூட மாற்றி ஓட்ட வேண்டிய இரண்டு பேரைக் கம்பெனி இன்னும் வேலைக்கு எடுத்திருக்கவில்லை.

அவரைப் பிடித்துக் கொடுத்ததே பூர்ணிமாதான். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் கடைக்கு வந்தாள். அவர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கை காரியம் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"ஏனுங்கப்பா, எடது பக்கம் நீங்கதான் உக்காரோணும். உங்களத் தவிர வேற யாருக்கும் அது மனசார வராதுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்வதுபோல் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை கண்ணு என்று சொல்லலாமா என்று அவர் பார்த்தார். பதினாலு வயசில் முதன்முதலாக அவள் வண்டி ஓட்டப் போனதிலிருந்து, இது நமக்கு ஒத்துவராது என்பதைத் தவிர வேறு எதையும் அவர் சொன்னதாக அவருக்கே ஞாபகம் இல்லை. சரி என்றார்.

விதி கறாரானது. அரை மணி நேரம் தொடர்ந்து நின்றால் கார் நீக்கம். நீக்கப்பட்ட கம்பெனிக்கும் ஓட்டியவருக்கும் அந்தத் தடத்தில் ஆயுசுக்கும் இடம் கிடையாது. அது பூர்ணிமாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

காலை ஆறு மணிக்கு நடுவர் இந்திராணி அம்மாள் மணி அடித்தார். ஓய்வுபெற்ற தாசில்தார், எதற்கும் முகம் மாறாதவர். சென்னியப்பன் எழுந்து மைக்கைப் பிடித்தார். மாவரசி வண்டியை எத்தனை மணி நேரம் சோதித்தார்கள் என்று கேட்டார். குடோனிலிருந்து இங்கே வந்து சேர்ந்த தூரம்தான் சோதனை, அதுவும் லாரி மேலே ஏறி. ஓட்டுகிறவர் சீட்டைப் போல்ட் போட்டு முடுக்கும் முன்பே போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். நாலு சக்கரமும் நாலு பேரிடம் கடன் வாங்கினது. மற்ற கம்பெனியெல்லாம் கண்காணாத இடத்தில் இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முகத்தையே காட்டுகிறது. ஒரு வருஷம் பொறுத்து வந்தால் குடியா முழுகிவிடும்?

கார் கிளம்பிவிட்டது. நல்ல கிளம்பல்.

வலது பக்கத்துத் தலைவர் டயர் கடை ஜான்பாஷா. சென்னியப்பனோடு அதே பார்வையாளர் மேடையில் முப்பது வருஷமாக உட்கார்ந்து பந்தயம் பார்த்தவர். முதல் வருஷம் சறுக்காத கம்பெனி ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று ஆரம்பித்தார். இறங்கினால்தானே எது உடையும் என்று தெரியும்? ஓட்டிப் பார்க்கப் பந்தயத்தைவிட நல்ல இடம் எது? எல்லாம் தயாரான பிறகுதான் வருவேன் என்பவன் கடைசிவரை வீட்டிலேயேதான் இருப்பான். கூட்டம் கைதட்டியது.

உடைவது நட்டும் போல்ட்டுமாக இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள், உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று சென்னியப்பன் கேட்டார். அந்தச் சுற்றில் மாவரசி மற்ற எல்லாக் கார்களையும்விட வேகமாக ஓடியது.

இப்படியே பொழுது போயிற்று. டீ குடிப்பதானாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் குடிக்கக் கூடாது. ஒருவர் தயிர்சாதம் மெல்லும்போது இன்னொருவர் பேச வேண்டும். அவ்வப்போது பார்வையாளர் மேடையிலிருந்து ரசிகர்களும் இறங்கி வந்து ஆளுக்கொரு பக்கம் கொஞ்சம் பேசிவிட்டுப் போனார்கள். எஞ்சின் பல்லடம் தாண்டிவிட்டதாகக் கம்பெனி மேனேஜர் சொன்னார். இருபத்திரண்டு கார்களில் மாவரசி பதின்மூன்றாவதாக இருந்தது.

மதியம் ஒரு மணி வரைக்கும் சென்னியப்பன் தடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு வராது என்று நினைத்தார். ஒரு மணிக்கு மேல் ஜான்பாஷா நீளமாக ஒரு விஷயத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது சும்மா கண்ணைத் திருப்பினார். கார் சாமியானாவைக் கடந்து மூன்றாவது வளைவுக்குள் போனது. இடது பின்சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. ஆடும் என்று ஒன்பது மணிக்கே அவர் மைக்கில் சொன்ன அதே சக்கரம்தான். பூர்ணிமா வளைவில் அந்தச் சக்கரத்தின்மேல் பாரமே விழாமல் வண்டியை ஏந்திக்கொண்டு போனாள், தூங்குகிற குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுகிற மாதிரி. அடுத்த சுற்றிலும் அப்படியேதான் போனாள். அதற்கு அடுத்த சுற்றிலும்.

அட, இவளுக்குக் காலையிலிருந்தே தெரிந்திருக்கிறதே என்று நினைத்தார். பிறகு அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. பிரேக் பிடிக்காது என்று எட்டு மணிக்குச் சொல்லியிருந்தார். அவள் பிரேக்கை நம்பவே இல்லை, கியரை வைத்தே வண்டியை அடக்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறினால் ஸ்டியரிங் இறுகும் என்று பதினொரு மணிக்குச் சொல்லியிருந்தார். அவள் நேர்ப்பாதையிலேயே ஸ்டியரிங்கை லேசாக ஒடித்து வைத்துக்கொண்டு திரும்பினாள். அவர் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் அங்கே ஒரு பதில் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு கெட்டிக்காரியைப் பெற்றுவிட்டு ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

மூன்று இருபதுக்கு அவர் முறை வந்தது. எழுந்தார். உள்ளே எவ்வளவு துழாவியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"நடுவர் அவர்களே," என்றார். "இவ ஓட்டிருவாங்க."

தூரத்து வளைவில் கார் நின்றுவிட்டது.

இந்திராணி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஓடாது என்று நினைக்கிறவர்கள் யாராவது மிச்சம் இருக்கிறீர்களா என்று மைக்கில் கேட்டார். யாரும் இல்லை. அத்தனை பேரும் ஒரே மனசாக ஓடும் என்று நம்பினார்கள், ஆகவே கார் அங்கேயே நின்றது. ஒருவர் முன்வந்து ஓடாது, ஓடாது என்று தொண்டை கிழியக் கத்தினார். அங்கிருந்து காரின் இருமல் மட்டும் கேட்டது. ஜான்பாஷாவும் முயன்று பார்த்தார். "எனக்கு வரமாட்டேங்குதுங்கண்ணா," என்று உட்கார்ந்துவிட்டார். இதற்குள் லாரியில் எஞ்சின் வந்தது. நாலு விரற்கடை பெரிசாக இருந்ததால் புல்தரையில் இறக்கி வைத்தார்கள். நின்று நின்று கால் வலித்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

சென்னியப்பன் நாற்காலியில் உட்காரவில்லை. இத்தனை வருஷம் நம்பாமல் இருந்து செய்யாத கெடுதலை ஒரு நிமிஷம் நம்பிச் செய்துவிட்டோமே என்று நின்றார். இருபது நிமிஷம் போய்விட்டது.

பூர்ணிமா காரை விட்டு இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புல்லின்மேல் நடந்து சாமியானாவுக்குள் வந்தாள். இடது பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வண்டி ஓடாதுங்க," என்றாள்.

தூரத்து வளைவில் கார் நகர்ந்தது. பந்தயக் குழு விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தது. கார் ஓட வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. ஓட்டுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இல்லை.

ஒவ்வொரு சுற்றிலும் பயந்ததை அவள் சொன்னாள். மூன்றாவது வளைவு வரும்போதெல்லாம், இதோடு சரி என்று நினைத்ததைச் சொன்னாள். ஆசைப்பட்டு ஓட்டுகிறாளா, பின்வாங்க வெட்கப்பட்டு ஓட்டுகிறாளா என்று அவளுக்கே நிச்சயம் இல்லை. பதினாலு வயசிலிருந்து இல்லை. ஜான்பாஷா எழுந்து தன் நாற்காலியைச் சென்னியப்பன் பக்கம் நகர்த்தினார். சென்னியப்பன் வலது பக்கம் போய் உட்கார்ந்தார்.

"இத ஏன் சாமி எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல?" என்று கேட்டார்.

"எங்கீங்கப்பா சொல்றது? பயமா இருக்குன்னு சொல்லலாம்னு வந்தா, வீட்ல இந்த நாற்காலி என்னைக்குமே காலியா இல்லீங்களே. நீங்கதான் உக்காந்திருந்தீங்க."

சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார். மத்தியானத்திலிருந்து தான் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னார். சக்கரத்தைச் சொன்னார், கியரைச் சொன்னார், வளைவில் அவள் வண்டியை ஏந்திய விதத்தைச் சொன்னார். அவள் ஒவ்வொன்றையும் மறுத்தாள். அதெல்லாம் குருட்டாம்போக்கு என்றாள். அவர் விடவில்லை, பேச்சு சூடு பிடித்தது. உள்ளே யாருமில்லாமல் மாவரசி, நின்றபோது முந்திப்போன கார்களைப் பிடித்து, மேலும் நாலு கார்களைத் தாண்டியது.

ஆறு மணிக்குக் கொடி அசைத்தார்கள். மாவரசிக்கு ஒன்பதாவது இடம். ஜான்பாஷா அழுதுவிட்டார். இந்திராணி அம்மாள் மணி அடித்தார், இரண்டாவது தடவையும் அடித்துப் பார்த்தார். அப்பனும் மகளும் காதில் வாங்கவே இல்லை. ஆகவே கார் கொடியைத் தாண்டியும் நிற்கவில்லை. வாட்ச்மேன் வெளி கேட்டைத் திறந்துவிட்டார். மாவரசி மெயின் ரோட்டில் ஏறி ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பதாக ஒலிபெருக்கி அறிவித்தது.

ரசிகர்கள் கலைந்தார்கள். சாமியானாக்காரர் இவர்கள் தலைக்கு மேலிருந்த துணியை அவிழ்த்து மடித்தார். ஜான்பாஷா இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார். பந்தயம்தான் முடிந்துவிட்டதே என்று இருவரும் ஒரே நேரத்தில் ஒரு வாய் குடித்தார்கள். கார் உக்கடம் சிக்னலில் நின்றிருப்பதாகவும், பின்னால் மூன்று டவுன் பஸ் காத்திருப்பதாகவும் ஒலிபெருக்கி சொன்னது.

பூர்ணிமா டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லீங்கப்பா," என்று ஆரம்பித்தாள்.

கார் இண்டிகேட்டர் போட்டு அவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது.