திருப்பிச் சொல்லு

எங்கள் வார்டில் ஒரு வாக்கியத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். "இன்னைக்கு அமைதியா இருக்கே" என்பதுதான் அது. சொன்னால் அரை மணிக்குள் வார்டு தலைகீழாகிவிடும். ஆதாரம் உண்டா என்று கேட்காதீர்கள். பத்தொன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன், நானே ஆதாரம்.

அன்று வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. மதியச் சாப்பாடு அப்போதுதான் வாய்த்தது. ஓய்வறையில் நானும் லோர்னா மாக்கியும், மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டியை ஆளுக்கொன்றாகத் தின்றுகொண்டிருந்தோம். அவள் எங்கே தின்றாள்? போனைத்தான் வெறித்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. ஒன்று நர்ஸிங்கிலேயே மேல்படிப்பு. மூன்று வருடம், வேலையை விடாமல் படிக்கலாம், முடித்தால் தானே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதலாம். இன்னொன்று மருத்துவக் கல்லூரி. நாலு வருடப் படிப்பு, மூன்று வருடப் பயிற்சி, அதுவும் எட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டிய டெட்ராய்ட் பக்கம். கல்லூரிக்கு அன்று நாலு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

நான் எந்தக் கட்சி என்பதை ஒளிக்கவில்லை.

"அங்க போனா பிணத்த அறுக்கணும்டி. உனக்கு முழுக் கோழிய வெட்டவே வராது."

"கேரல், வாய மூடிட்டு சாப்பிடு."

"வாய மூடிட்டு எப்படிடி சாப்பிடறது? இங்க பாரு, மூணே வருஷம். அப்புறம் நீயே எனக்கு முதுகுவலி மாத்திரை எழுதித் தரலாம். வேற என்ன வேணும் உனக்கு?"

"ஏன்னு தெரியணும்."

"எது ஏன்?"

"எல்லாம்தான். என்ன செய்யணும்னு நல்லாத் தெரியுது. ஏன்னு கேட்டா பாதியில முட்டிக்கிட்டு நிக்குது."

அப்போது டாக்டர் பிரெஸ்டன் கதவுக்குள் தலையை நீட்டினார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான், சின்னப் பையன் முகம்.

"பரவாயில்லையே, இன்னைக்கு அமைதியா இருக்கே!"

என் வாயிலிருந்த பாஸ்டி அப்படியே நின்றது. "டாக்டர், முதல்ல வெளிய போங்க. மூணு சுத்து சுத்திட்டு, கதவத் தட்டிட்டு உள்ள வாங்க!"

அவர் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் ஆறாம் அறை மணி அடித்தது. மூவரும் ஓடினோம்.

ஆறாம் அறையில் ரெய்னோ, மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவர். காலையில்தான் தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு அவர் இதயத்தைப் பார்த்திருந்தார்கள். காலை மடக்காமல் படுத்திருக்கச் சொல்லியிருந்தோம். மனிதரோ, மனைவி ஒளித்துவைத்த பாஸ்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுக்கக் குனிந்திருக்கிறார். விரிப்பெல்லாம் ரத்தம்.

லோர்னா பாய்ந்துபோய் இரண்டு கையாலும் தொடை இடுக்கை அழுத்திப் பிடித்தாள். மணி 3:41. இருபது நிமிடம் அப்படியே அழுத்தியிருக்க வேண்டும். நடுவில் கையை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து.

"என் பொண்டாட்டி கூட இவ்ளோ நேரம் என்னைப் பிடிச்சதில்ல," என்றார் ரெய்னோ.

"சிரிக்காதீங்க, கைக்கடியில துள்ளுது," என்ற லோர்னா டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஓட்டைய அடைச்சுத்தானே அனுப்பினாங்க? ரத்தப் பரிசோதனையும் சரியா இருந்துச்சு. குனிஞ்சதுக்கு மட்டும் இப்படிப் பீச்சுமா? ஏன்?"

"அது... பெரிய டாக்டரத்தான் கேக்கணும்."

"நீங்க கேக்கலையா?"

"கேக்கணும்னு தோணல."

லோர்னா அவரைப் பார்த்த பார்வையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் முடிவெடுத்துவிட்டாள்.

"கேரல், என் பாக்கெட்ல போன் இருக்கு, எடு."

எடுத்து அவள் முகத்துக்கு நேரே காட்டினேன், திறந்துகொண்டது. ஏற்கிறேன், வேண்டாம் என்று இரண்டு கட்டம். மணி 3:52. எட்டு நிமிடம் நான் ஆமையாக இருந்தால் போதும், லோர்னா எங்கேயும் போக மாட்டாள். கண்ணாடியைக் காணோம் என்று தேட ஆரம்பித்தேன். அது என் தலைமேல்தான் இருந்தது.

"தலையில இருக்குடி. ஏற்கிறேன்னு இருக்கறத அமுக்கு."

வாய்வழியாக உத்தரவு வந்தால், அதைக் கேட்ட நர்ஸ், நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "சரி" என்ற பிறகுதான் கை வைக்கலாம். எங்கள் தொழிலில் அது விதி.

"திருப்பிச் சொல்றேன். பேர் லோர்னா மாக்கி. பிறந்தது மார்ச் ஒன்பது. கல்லூரி சீட்டு வேண்டாம். சரியா?"

"தப்பு. திருப்பிச் சொல்லு."

"அந்தப் பொண்ணு தெளிவாத்தானே சொல்லிச்சு," என்றார் ரெய்னோ.

"நீங்க சும்மா கெடங்க!" என்றோம் நாங்கள் இருவரும்.

பிறகு நான் போனிலிருந்து விரலை எடுத்தேன். "நீ போயிட்டா நான் யார்கூடடி உக்காந்து சாப்பிடுவேன்?"

"அழ வைக்காதடி. என்னால கண்ணத் தொடச்சுக்க முடியாது."

பஞ்சுத் துணியை எடுத்து அவள் கண்ணைத் துடைத்தேன். அதாலேயே என் மூக்கையும் துடைத்தேன். அது விதியில் இல்லை.

மணி 3:58.

"பேர் லோர்னா மாக்கி. பிறந்தது மார்ச் ஒன்பது. மருத்துவக் கல்லூரி சீட்டை ஏற்கிறேன். சரியா?"

"சரி."

அமுக்கினேன்.

ரெய்னோ என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இப்ப என்னை அழுத்திட்டு இருக்கறது டாக்டரா, நர்ஸா?"

லோர்னா கடிகாரத்தைப் பார்த்தாள். கை அசையவில்லை.

"இன்னும் மூணு நிமிஷத்துக்கு நர்ஸ்," என்றாள்.