அப்பா சரிபார்த்த கவிதை

"யாரைக் கேட்டு நம்ம வீட்டு ஜன்னலைப் பத்தி எழுதின?"

அப்பா இப்படிக் கேட்டபோது சாப்பாட்டு மேசையில் தட்டுகள்கூட எடுக்கப்படவில்லை. பதினாறு வயது மகள் தன் கவிதைத் தாளை அப்போதுதான் அவரிடம் நீட்டியிருந்தாள். பள்ளியில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து, வளர்வது பற்றிக் கவிதையும் கதையும் எழுதிப் புத்தகம் போடுகிறார்கள். பிள்ளைகளின் கையெழுத்திலேயே, தாளை அப்படியே படம்பிடித்து அச்சிடுவதாக ஏற்பாடு. தாளின் அடியில் பெற்றோர் சம்மதக் கையெழுத்துக்கு ஓர் இடம். அது இல்லையென்றால் பக்கம் கிடையாது. ஆறு மாதம் எழுதி எழுதிக் கிழித்ததில் அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு பக்கம்தான்.

அப்பா பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். பதிவேட்டில் ஒரு வரியை நீக்குவதென்றால் அங்கே கிறுக்கக் கூடாது. ஸ்கேல் வைத்து ஒரே கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் காரணம், அதற்கொரு ஒப்பம். இருபத்தாறு வருடமாகப் பிசகாத கை. மகளின் கவிதைக்கும் அதே மரியாதை கிடைத்தது, பாவம்.

'தம்பி வளர்ந்தான், சைக்கிள் வாங்கினார்கள். நான் வளர்ந்தேன், ஜன்னலுக்குத் திரை வாங்கினார்கள்.'

"திரை வெயிலுக்காகத்தானே போட்டோம்?" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. வெயில் எட்டிக்கூடப் பார்க்காத ஜன்னல் அது.

அப்பா கோடு போட்டார். பக்கத்தில், 'குடும்ப விஷயம்.' ஒப்பம்.

'சத்தமாகச் சிரித்தால் அத்தை ஜன்னலைப் பார்க்கிறாள்.'

"நான் எப்பப் பார்த்தேன்?" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் அத்தை.

'அவதூறு.' ஒப்பம்.

'நீ எப்போது வளர்ந்தாய் என்று அம்மாவைக் கேட்டேன். துடைத்த மேசையையே அம்மா திரும்பத் துடைத்தாள்.'

ஸ்கேல் நகர்ந்தபோது அம்மாவின் கை மேசை துடைக்கிற துணியோடு நின்றது.

"என்னங்க, அதை மட்டும் விட்டுடுங்களேன்."

"ஏன்?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

அம்மாவுக்குப் பிடித்தது என்று ஒன்று உண்டு என்பதே அந்த வீட்டுக்குப் புதுச் செய்தி. அப்பா கொஞ்சம் யோசித்தார். 'தேவையற்றது.' ஒப்பம்.

மிஞ்சியது கடைசி வரி. 'வெளியே மழை பெய்கிறது.'

"அடடா! இதுதாம்மா கவிதை! இயற்கை!" அப்பாவின் முகம் மலர்ந்தது. "மழையை மட்டும் வேற தாள்ல அழகா எழுதி, இதோட சேர்த்துக் கொடுத்துடு." பெருந்தன்மையோடு அடியில் எழுதினார்: 'முழுவதும் சரிபார்த்தேன். வெளியிடச் சம்மதம்.' முழுக் கையெழுத்து, தேதியோடு.

மகள் அழவில்லை. அழுதால் அதற்கும் ஒரு காரணம் எழுதுவார்கள். "சரிப்பா" என்று தாளை வாங்கிக்கொண்டாள்.

காலையில் வகுப்பு வாசலில் நின்று, அப்பா கோடு போட்ட தாளைப் பார்த்தாள். ஓர் எழுத்துகூட மறையவில்லை. மழையை மட்டும் எழுதிய தாளை நான்காக மடித்துப் பையில் போட்டாள்.

"எதைம்மா அச்சுக்குக் கொடுக்கிறது?" என்றார் டீச்சர்.

"அப்பா கையெழுத்துப் போட்டதை, டீச்சர்."

டீச்சர் தாளை மேலும் கீழும் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பில் வைத்தார்.

வெளியீட்டு விழாவுக்கு அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், அம்மாவோடும் அத்தையோடும் வந்தார். மகளின் மழைக் கவிதையைக் கேட்கட்டும் என்று மேலதிகாரியை வேறு அழைத்து வந்திருந்தார். மகள் ஒலிபெருக்கி முன் நின்றாள். முதலில் வரியை வாசித்தாள். பிறகு அதன் பக்கத்திலிருந்த காரணத்தை வாசித்தாள். பிறகு, "ஒப்பம்" என்றாள். இரண்டாவது ஒப்பத்துக்குக் கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. மூன்றாவதற்கு யாரும் சிரிக்கவில்லை. கடைசியில், "முழுவதும் சரிபார்த்தேன். வெளியிடச் சம்மதம்" என்று முடித்தாள்.

மேலதிகாரி புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "என்ன சுத்தம் சார்! உங்க கைதான்னு பார்த்ததுமே தெரியுது."

அப்பா ஸ்கேல் வைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அம்மா சிரித்தாள். நாலு வரிசை திரும்பிப் பார்க்கிற மாதிரி, கண்ணில் நீர் வர, சத்தமாக. பதறிப்போய் அத்தை ஜன்னலைப் பார்த்தாள். அந்த மண்டபத்து ஜன்னல் ஒன்றுக்கும் திரை இல்லை.