ஹவ்குவா கரையில் ஒரு சத்தியம்

வெரிபீயில் இருக்கிற வீட்டிலிருந்து மூன்றரை மணி நேரம் கார் ஓட்டி மலையாற்றுக்குப் போய், ஒரு மீனைப் பிடித்து, அதை மறுபடி ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவதற்கு என்ன பெயர்? கல்யாணி அதற்குப் பைத்தியம் என்று பெயர் வைத்திருந்தாள். அதுவும் புரட்டாசி மாதம், வீட்டில் கவிச்சியே கிடையாது. பிடித்தாலும் சட்டிக்குப் போகாத மீன். ஆனால் அவள் கணவர் கிருஷ்ணசாமிக்கு விடுகிற கஷ்டமே இதுவரை வந்ததில்லை. நாலு வருஷமாக ஒரு ட்ரவுட் மீன் கூட அவர் தூண்டிலைச் சீண்டவில்லை. போகிற விருந்திலெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவளும் கல்யாணிதான்.

போன வருஷம் இதே மாதம் சிரிப்பு நின்றுபோனது. வெள்ளத்தில் கால் வழுக்கி, ஆறு அவரை இருபது அடி இழுத்துக்கொண்டு போய்விட்டது. குறுக்கே ஒரு கிளை கிடந்ததால் ஆள் பிழைத்தார். அதனால்தான் இந்தத் தடவை அவளும் கூடவே வந்தாள். இந்த நாட்டில் புரட்டாசி என்றால் வசந்த காலம்; மலையில் பனி உருகி, ஹவ்குவா ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடியது. பார்த்ததுமே அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தண்ணியில கால் வைக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

மறுபேச்சில்லாமல் பண்ணினார். அத்தோடு மீன்பிடி முடிந்தது, சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவள் நினைத்தாள்.

"இந்த வேகத்துல நடு ஆத்துல மீனே நிக்காது, கல்யாணி. எல்லாம் கரையோரம் ஒதுங்கிடும். நான்தான் இத்தனை வருஷம் அதுங்களைத் தாண்டிப் போய் நடுவுல நின்னிருக்கேன், முட்டாள்!"

சொல்லிவிட்டுப் புல்லுக்குள் மண்டியிட்டார். இறகும் நூலும் சுற்றி அவரே செய்த பொய் ஈ, அது அமிழ்வதற்கு ஒரு குட்டி உலோக மணி. அதை ஆள் உயர நூலில், கரையோர வில்லோ மரத்து வேருக்குச் சற்று முன்னால், ஆறு வருகிற பக்கமாகப் போட்டார். வேருக்குப் பின்னால் தண்ணீர் சுணங்கி நின்ற இடத்தில் அதை மெல்ல இறங்கவிட்டார். எடுத்தார், மறுபடி போட்டார். நாற்பது தடவை, அதே சாண் இடத்தில். டிவி ரிமோட் கிடைக்காவிட்டால் இரண்டு நிமிஷம் பொறுக்காத மனுஷனா இது? அடேயப்பா, அந்த மணிக்கட்டுக்கு அப்படி ஒரு நிதானம்! பிளாஸ்கில் இருந்த டீயைக் கல்யாணி மறந்தே போனாள்.

நூல் சட்டென்று நின்றது. தூண்டில் தடி வளைந்தது. செம்புள்ளி போட்ட பெரிய மீன் ஒன்று துள்ளி விழுந்து, வேரைச் சுற்றிக்கொண்டு ஓடியது. நூல் வேரில் மாட்டிக்கொண்டது. முழங்காலளவு தண்ணீரில் இரண்டே எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். அவர் காலைத் தூக்கினார். கத்துவதற்குக் கல்யாணி வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே காலைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"போகட்டும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

கல்யாணி அவரையே பார்த்தாள். தன்னைத் தவிர வேறு யாரும் பார்க்காத காட்டில், நாலு வருஷத்து ஆசையை ஒரு வார்த்தைக்காக விடுகிறாரே! இப்படி ஒரு மனுஷனையா ஊர் முன்னால் கோமாளி ஆக்கினோம்? அவள் புல்லில் கிடந்த அவருடைய கைவலையை எடுத்தாள், சுடிதாரைத் தூக்கிச் செருகினாள், இறங்கிவிட்டாள்.

"ஐயோ, என்ன பண்றே? மேல வா!"

"சத்தியம் பண்ணினது நீங்க, நான் பண்ணலை. நூலைத் தளர விடாதீங்க!"

தண்ணீர் எலும்பைக் கடித்தது. ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு, வலையின் கைப்பிடியால் நூலை நெம்பி விடுவித்தாள். அவர் பதமாக இழுத்துக் கொடுக்க, மீன் வலைக்குள் வந்தது. முழங்கை நீளம், வெண்ணெய் நிற வயிறு. இந்த அழகுக்காகவா இந்த மனுஷன் நாலு வருஷம் அலைந்தார்? அலையலாம், தப்பே இல்லை. கிருஷ்ணசாமி கரையில் குப்புறப் படுத்து, கையை மட்டும் நீட்டி மீன் வாயிலிருந்த தூண்டில் முள்ளை எடுத்தார். கல்யாணி வலையைச் சாய்த்தாள். மீன் ஒரு கணம் அவள் காலடியில் நின்றுவிட்டுப் போய்விட்டது.

"போட்டோ?" என்றார் திடுக்கிட்டு.

இரண்டு போனும் காரில் கிடந்தன. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "போச்சு. ஒருத்தனும் நம்ப மாட்டான்."

கல்யாணி பல் கிடுகிடுக்கக் கரையேறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளா ஊரெல்லாம் உங்களைக் கேலி பண்ணினவ நான். நானே வந்து சொன்னா எவன் நம்ப மாட்டான்?"