தொடக்கூடாத அறை

பெட்டி கட்டும் ஆட்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். என் கணவன் ரஸ்ஸல் காபிக் கோப்பையோடு அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான், புதுத் தூதர் என்ற மிடுக்கோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முன்பு லாகோஸிலிருந்து மாற்றலாகிக் கிளம்பியபோது இப்படி வந்த ஆட்கள் குப்பைக் கூடையைக் குப்பையோடு சுற்றிக் கட்டிவிட்டார்கள். துருக்கியில், அங்காராவில் போய்த் திறந்தால் வீடே நாறியது. அதன் பிறகு, தூதரகக் குடும்பங்கள் எல்லாம் செய்வதுபோல, கூட எடுத்துப்போகும் பாஸ்போர்ட், மருந்து, கைப்பெட்டி எல்லாவற்றையும் குளியலறையில் வைத்துக் கதவில் 'தொடாதீர்கள்' என்று ஒட்டிவிடுவோம். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதை யாரும் கட்டமாட்டார்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறையில் ரஸ்ஸல் படிப்படியாக ஏறினான். நான் ஊர் ஊராக வேலையை விட்டேன். விருந்தில் யாரை யார் பக்கத்தில் உட்காரவைத்தால் சண்டை வராது என்பது எனக்கு அத்துப்படி. அதற்கு எவனும் சம்பளம் கொடுக்கவில்லை. "இதோட முடிஞ்சுது, அடீல். இனிமே நம்ம ஊர் வர்ஜீனியாதான்" என்று அவன் சொன்னதை நம்பி, பக்கத்துப் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஒரு விருந்தில் யாரோ கோப்பையைத் தூக்கி, "நம்ம புதுத் தூதருக்கு!" என்றபோதுதான், அவன் மறுபடி வெளிநாடு போக ஒத்துக்கொண்ட விஷயமே எனக்குத் தெரிந்தது. ஊர் உலகத்திடமெல்லாம் பக்குவமாகப் பேசுகிறவனுக்கு என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

நான் வரவில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "அங்க போனா சரியாயிடும்" என்று சிரிப்பான்.

இன்று என் மேஜையைக் காட்டி, "இதையும் கட்டிடுங்க" என்றான். அதன்மேல் என் மாணவர்களின் திருத்தாத கட்டுரைகள் கிடந்தன. அத்தனையையும் வாரிக்கொண்டு, 'தொடாதீர்கள்' என்று ஒட்டியிருந்த குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

தட்டினான். "அடீல், என்ன விளையாட்டு இது? ஆளுங்க பாக்கறாங்க."

"நல்லா பாக்கட்டும்."

"வெளிய வா, பேசிக்கலாம்."

"இத்தனை வருஷமா நீதானே பேசின!"

கைப்பிடியைத் திருகினான். ஆட்களின் தலைவர் டெஸ்மண்டின் குரல் கேட்டது. "விட்ருங்க சார். அந்த ரூம்ல இருக்கறது லாரில ஏறாது."

கைப்பிடி திருகுவது நின்றது. பிறகு ரஸ்ஸல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் பாஸ்போர்ட் உள்ள இருக்கு" என்றான்.

துண்டு வைக்கும் அலமாரியில் அவன் எடுத்துவைத்த எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. அவனுடையதை எடுத்துக் கதவுக்கடியில் தள்ளினேன். ஒரு விரல் வந்து அதை இழுத்துக்கொண்டது. குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, முதல் கட்டுரையை மடியில் விரித்தேன்.