அளவுநாடாவின் மறுமுனை

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். வரித்துறையில் இருபத்தெட்டு வருடம் ஓட்டியாயிற்று. அதில் கடைசி ஆறு வருடம் ஒரே ஆளுடைய கோப்போடு போனது. கோப்பு என்றால் ஒன்றிரண்டு இல்லை, மூன்று இரும்பு அலமாரி நிறைய.

அந்த ஆளை எல்லோரும் மலைக்காரர் என்பார்கள். ஏழு மலைகளை உடைத்துக் கல்லாகவும் ஜல்லியாகவும் சிமெண்டாகவும் விற்றவர். காகிதத்தில் மட்டும் அவர் பரம ஏழை. குடியிருக்கும் வீடு ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். கார் ஒரு கம்பெனியுடையது. பறக்கிற விமானமோ ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தது. அவருடைய பெயரில் இருந்ததெல்லாம் ஒரு கைக்கடிகாரமும் ஒரு சேமிப்புக் கணக்கும்தான். போன வருடம் அவர் கட்டிய வருமான வரி, பள்ளிக்கூட வாத்தியாரான அவள் கணவர் கட்டியதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆள் யாரென்று சொல்லாமல் இதை ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொல்ல, வாத்தியார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அப்ப நம்ம வீட்டுல பணக்காரன் இருக்கான்னு சொல்லு" என்றார்.

ஆறு வருடத் தேடலில் அவளுக்கு அகப்பட்டது ஒரே ஒரு ஓட்டை. அறக்கட்டளையின் வீட்டில் அவர் வாடகை கொடுக்காமல் இருக்கிறார். கொடுக்காத வாடகை அவருக்குக் கிடைத்த வருமானம், அதற்கு வரி போடலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் வாடகை எவ்வளவு என்று சொல்ல வீட்டின் மதிப்பு தெரிய வேண்டும். அதை அளந்து சொல்லத் துறையில் ஒரு மதிப்பீட்டாளர் இருந்தார். அவர் ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாயிற்று. செலவுக் கட்டுப்பாட்டு ஆணையில் அந்த இடத்தை நிரப்பக் கூடாது என்று வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் வரியைத் தீர்மானிக்காவிட்டால் கெடு முடிந்துவிடும்.

அவள் இயக்குநரிடம் போனாள்.

"சார், மதிப்பீட்டாளர் ஒருத்தர் வேணும். ஒரு மாசத்துக்குப் போதும்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "லிஃப்ட் ரிப்பேருக்கே எனக்கு அனுமதி கிடைக்கல. நாலு மாடி ஏறி வரேன். உங்களுக்கு ஆள் எங்க போய்ப் பிடிப்பேன்?"

"ஒருத்தரோட சம்பளம்தானே சார். அதனால வரப்போறது எவ்வளவுன்னு பாருங்க."

"வர்றது ஒரு கணக்குத் தலைப்பு, போறது வேற தலைப்பு. ரெண்டையும் ஒரே தாள்ல யாரும் பார்க்கறதில்ல. பத்து சதவீதம் குறைன்னு மேல இருந்து வந்திருக்கு. கடன் வட்டியில கைவைக்க முடியாது. பென்ஷன்ல முடியாது. ஓடற காண்ட்ராக்டைத் தொட்டா கோர்ட்டுக்குப் போவாங்க. நான் எதுல குறைக்கட்டும்? காலியிடமும் பேப்பரும்தான் மிச்சம்."

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. அவள் மூன்று கடிதம் எழுதிப் பார்த்தாள். மூன்றும் 'தற்போது இயலாது' என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. நான்காவது கடிதம் எழுதுவதற்குப் பதிலாக ஹார்ட்வேர் கடைக்குப் போய், கைக்காசில் முப்பது மீட்டர் அளவுநாடா ஒன்று வாங்கினாள்.

கூட வரவேண்டிய எழுத்தர் முதுகுவலி என்று விடுப்பு போட்டுவிட்டார். ஜீப் அவளை மலைக்காரர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வேறு வேலைக்குப் போனது. சோதனையிடும் அதிகாரம் அவளுக்கு உண்டு என்பதால் காவலாளி ஒன்றும் சொல்லவில்லை. முன்கூடத்தில் நாடாவை இழுத்து, ஒரு முனையை நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்துவிட்டு மறுபக்கம் நடந்தாள். பாதி தூரம் போவதற்குள் முனை நழுவியது. திரும்பி வந்து வைத்தாள். மறுபடியும் நழுவியது. ஐம்பத்து மூன்று வயதில் முழங்கால் ஒவ்வொரு தடவையும் கணக்குக் கேட்டது.

நான்காவது தடவை அவள் குனிவதற்குள் ஒரு கை அந்த முனையை எடுத்தது. ஸ்வெட்டர் போட்ட மெலிந்த கிழவர். புகைப்படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம்.

"வீடு உங்களோடதான்னு கேட்டா இல்லன்னு சொல்லணும்னு வக்கீல் சொல்லியிருக்கார்" என்றார் மலைக்காரர். "டேப் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லல. எங்க வைக்கணும்?"

"சுவரோட ஒட்டி வைங்க சார்."

அறை அறையாகப் போனார்கள். அவர் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையில் நின்று எழுதிக்கொண்டாள். இதய அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று அவராகவே சொன்னார். பத்துப் பன்னிரண்டு அறை தாண்டியதும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஏமாத்தறேன்னு நினைக்கறீங்க."

"நான் அளக்க வந்தேன் சார்."

"நான் கட்டினா அந்தக் காசு என்ன ஆகுது, சொல்லுங்க. புதுச் செயலகம் கட்டறாங்களே, அந்த வாசல் கல்லை மட்டும் மூணு தடவை பேர்த்து மாத்தினாங்க. ஒவ்வொரு அமைச்சருக்கும் ஒரு கலர். மூணு தடவையும் கல்லு என்கிட்டதான் வாங்கினாங்க. நான் கொடுக்கற காசு சுத்தி எனக்கே வருது. நடுவுல எதுக்கு இவ்வளவு பேருக்கு அலைச்சல்?"

செயலக வாசலை அவளும் பார்த்திருக்கிறாள். தினமும் பஸ் அந்த வழியாகத்தான் போகும்.

"என் வீட்டுக்காரர் வேலை பார்க்கற ஸ்கூல்ல லேப் உதவியாளரைக் காசில்லன்னு நிறுத்திட்டாங்க" என்றாள் கடைசியில். "ஆசிட் பாட்டிலை இப்ப அவரே கழுவறார். உங்களுக்கு அந்த வாசல் தெரியுது. எனக்கு இது தெரியுது."

அவர் எழுந்து முனையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "இன்னும் எத்தனை ரூம்?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"மேல் மாடிக்கு நான் போயே ரெண்டு வருஷம் ஆச்சு."

மூன்று நாள் அளந்தார்கள். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னதாக அவள் உத்தரவில் கையெழுத்துப் போட்டாள். துறையின் வரலாற்றில் ஒரு தனி ஆள்மீது விதித்த வரிகளில் அதுதான் பெரியது. இயக்குநர் எழுந்து வந்து கை கொடுத்தார். மேல்முறையீட்டுக்குப் போகுமுன் மூன்றில் ஒரு பங்கைக் கட்டியாக வேண்டும் என்பது விதி. மலைக்காரர் மறுநாளே கட்டினார். அமைச்சர் அதைப் பற்றிப் பேட்டி கொடுத்தார்.

தீர்ப்பாயத்தில் வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடம் ஆயிற்று. அரசு வக்கீலுக்கு அன்று மட்டும் பதினொரு வழக்கு. அவர் வாசலில் வைத்துத்தான் கோப்பின் முதல் பக்கத்தைப் புரட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"டேப்பின் ஒரு முனையில் மதிப்பீடு செய்யத் தகுதி பெறாத ஓர் அதிகாரி. மறுமுனையில் இதய அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரத்தில் இருந்த என் கட்சிக்காரர். அவருக்குக் கை நடுங்கும் என்பதற்கு மருத்துவச் சான்று தாக்கல் செய்திருக்கிறேன். இந்த இரண்டு முனைக்கும் நடுவில்தான் இத்தனை கோடி வரி நிற்கிறது."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

உத்தரவு ரத்தானது. மதிப்பீட்டாளரை வைத்து அளக்க வேண்டும் என்பது சட்டம், பணியிடம் காலி என்பது ஒரு காரணமாகாது, செலவைக் குறைப்பது அரசின் விருப்பம், அதன் விளைவை வரி கட்டுபவர் தலையில் சுமத்த முடியாது என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். கெடு எப்போதோ கடந்துவிட்டதால் அந்த வருடத்துக்கு மறுபடி அளக்கவும் வழியில்லை. அவள் அந்தப் பதினாறு பக்கத்தையும் தப்பு கண்டுபிடிக்கும் கண்ணோடு இரண்டு தடவை படித்தாள். ஒரு வரியில்கூடத் தப்பு அகப்படவில்லை.

கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அதற்கான ஆணை அவள் கையெழுத்துக்கு வந்தது. வட்டியை மட்டும் ஒரு துண்டுத்தாளில் வகுத்துப் பார்த்தாள். ஒரு மதிப்பீட்டாளருக்குப் பத்தொன்பது வருடச் சம்பளம். இயக்குநரிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "இந்த வட்டி தவிர்க்க முடியாத செலவுத் தலைப்புல வரும். இதுக்கு யாரோட அனுமதியும் தேவையில்ல" என்றார். அவளுடைய பிரிவைச் சில்லறைக் கடைகளின் பிரிவோடு சேர்க்கப் போகிறார்கள் என்றும், அது சிக்கன நடவடிக்கை என்றும் அதே மூச்சில் சொன்னார். சொல்லிவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் கையெழுத்துப் போட்டாள்.

அரைமணி நேரத்தில் ஃபோன் வந்தது. மலைக்காரரின் ஆடிட்டர். பத்து வருடம் முன்பு இதே துறையில் அவளுக்குக் கீழே வேலை பார்த்தவன்.

"அக்கா, எங்க பக்கம் வந்துடுங்களேன். இப்ப வாங்கறதைப் போல நாலு மடங்கு. எங்க தேடுவாங்கன்னு தெரிஞ்சவங்கதான் எங்களுக்கு வேணும். பெரியவரே சொன்னார், அந்தம்மாவைக் கேளுன்னு."

அவள் துண்டுத்தாளை நாலாக மடித்தாள்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"ஒண்ணு கேட்கறேன், மறைக்காம சொல்லு. நான் அளந்தது சரியா?"

மறுமுனையில் அவன் யாரையோ வெளியே அனுப்புவதும் கதவு சாத்துவதும் கேட்டது.

"அப்பவே நாங்க ஒரு ஆளை வெச்சு அளந்து பார்த்தோம் அக்கா. ஒரு ஜாண்கூட வித்தியாசம் இல்ல."

"சரி. வேலை வேணாம்ப்பா."

"யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

"யோசிக்கற தெம்பு இல்ல. வெச்சிடறேன்."

மத்தியானத்துக்கு மேல் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்த நேரத்தில் வீடு எப்படி இருக்கும் என்றே அவளுக்கு மறந்திருந்தது. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றியவள் வெறுந்தரையில் அப்படியே படுத்துவிட்டாள்.

நான்கரை மணிக்கு வாத்தியார் கதவைத் திறந்து, அவளைத் தரையில் பார்த்துப் பையோடு நின்றார்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

அவர் சுவரில் சாய்ந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், வேலைக்குக் கூப்பிட்டதையும் சேர்த்து. நாலு மடங்கு என்றதும் அவர் ஒரு நொடி கூரையைப் பார்த்தார்.

"ஏன் வேணாம்னே?"

"கேட்டதும் போயிடலாம்னுதான் தோணுச்சு. அப்படித் தோணினதும் பயந்துட்டேன்."

அமிலம் பட்டு நுனி வெளுத்திருந்த விரல்களால் அவளுடைய முழங்காலை மெல்லப் பிடித்துவிட ஆரம்பித்தார். "இங்கயா?" என்றார்.

"கொஞ்சம் கீழ" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.