மூன்றாவது மலையில் விழுந்தவன்

"நாலாவது மலை எப்பவாம் தம்பி?"

பக்கத்து வளவுப் பரமலிங்கம் கேட்டார். கேட்டபடியே அரப்பைத் தொட்டுச் செத்தவரின் உச்சியில் வைத்துத் தடவினார். கிணற்றடி வாங்குப் பலகையில் இருத்தியிருந்த தன் ஐயாவின் கழுத்தை வாகீசன் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தினான்.

"நாளைக்கு."

"கொப்பருக்கு அதைக் கேக்கக் குடுத்துவைக்கேல்லை."

அரப்பு வைக்க வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சுன்னாகத்துக்குக் கிழக்கே, வெங்காயமும் புகையிலையும் விளைகிற அந்த ஊரில் பனிமழையைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. மலையைக் கண்டவர்களும் குறைவு. மலை என்ற பெயரோடு கிட்டடியில் இருந்தது கீரிமலை. அங்கே மலை கிடையாது, ஆமி இருப்பதால் இப்போது போகவும் முடியாது. ஆனாலும் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலுமாக நாலு மலைகளில் அடுத்தடுத்து ஒரு பனிச்சறுக்குப் பாய்ச்சல் போட்டி நடக்கிறது என்பதும், அதில் செத்துப்போன ஆழ்வாப்பிள்ளையின் மூத்த மகன், வாகீசனின் அண்ணன் நகுலேசன் பாய்கிறான் என்பதும், முதலாவது மலையில் ஆறாவதாகவும் இரண்டாவது மலையில் மூன்றாவதாகவும் வந்தான் என்பதும் ஊர் முழுக்கத் தெரியும். நேற்றுப் பின்னேரம் மூன்றாவது மலையில் விழுந்துவிட்டான் என்பதும் விடிவதற்கிடையில் தெரிந்துவிட்டது.

நகுலேசன் எந்த மலையிலும் பாயவில்லை. அது வாகீசன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

சங்கக்கடை மனேச்சராக இருந்த நகுலேசன் ஜேர்மனிக்குப் போய், முதலாவது மலையின் அடிவாரத்தில் சவள் என்கிற மண்வாரியால் பனி தள்ளிக்கொண்டிருந்தான். "ஐயாவுக்குச் சொல்லிப்போடாதை, தாங்கமாட்டார்" என்று தம்பிக்கு மட்டும் அறிவித்திருந்தான். பிறகு யாரோ வந்தவரிடம் ஒரு கலண்டர் கொடுத்துவிட்டான். அதில் ஒருவன் காலில் இரண்டு நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் நீட்டி நிமிர்ந்து மிதந்தான். ஐயாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. கலண்டரை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"உது ஆர்?"

"அண்ணை," என்றான் வாகீசன்.

சிரிப்பார் என்றுதான் சொன்னான். கம்பஸில் அவன் முகத்தை அசைக்காமல் ஒன்றைச் சொன்னால் கன்ரீனே சிரிக்கும். ஐயா சிரிக்கவில்லை.

"காலை வடிவா வைச்சிருக்கிறான்," என்றார். "சின்னனிலை துலா மிதிச்சவன் எல்லோ. உயரம் எண்டால் அவனுக்குப் பயமில்லை."

கிணற்றுத் துலாவின் மேலே ஏறி, கயிற்றைப் பிடித்தபடி முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து தண்ணீர் இறைத்தவன் ஆகாயத்திலும் நடப்பான் என்பதில் ஐயாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு பகிடியைத் திருப்பி வாங்க வழியில்லாமல் போயிற்று. உண்மையைச் சொன்னால் சவளையும் சொல்லவேண்டிவரும்.

மார்கழிக் கடைசியில் போட்டி தொடங்கியது. அப்படி ஒரு போட்டி இருப்பது மெய். பொருளாதாரத் தடையில் பற்றறி கண்ணால் காணக் கிடைக்காத காலம். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, டைனமோவில் வயரைக் கொழுவி மிதித்தால் றேடியோ கதைக்கும். நிறுத்தினால் உலகம் நின்றுவிடும். வாகீசன் மிதித்தான். றேடியோவில் ஒருவர் ஜேர்மன் பாஷையில், அநேகமாகக் கோதுமை விலையைப் பற்றி, ஏதோ சொன்னார். விளையாட்டுப் போட்டிகளில் மைக் பிடித்துப் பழகிய வாகீசன் அதை மொழிபெயர்த்தான்.

"அண்ணை வெளிக்கிட்டிட்டார். கூனிக்கொண்டு வாறார். எழும்பிட்டார்!"

"எவ்வளவு தூரம்?"

"எங்கடை கிணத்தடியிலை வெளிக்கிட்டு, பரமலிங்கண்ணையின்ரை மாட்டுக்கொட்டிலிலை இறங்கினமாதிரி."

"மாடு வெருண்டிருக்கும்," என்றார் ஐயா.

கார்த்திகையிலிருந்து நெஞ்சுநோவோடு கட்டிலில் கிடந்தவர் அன்றைக்கு எழும்பிச் சுவரில் சாய்ந்து இருந்தார். அம்மா பராசக்திக்குப் பாய்ச்சலைப் பற்றி ஒன்றும் விளங்கவில்லை. வேறொன்று விளங்கியது.

"அவன் பாயிற நாளிலைதான் இந்த மனிசன் ரெண்டு வாய் கூடச் சாப்பிடுது. ஒவ்வொரு நாளும் பாயச் சொல்லன்."

இரண்டாவது மலைக்குப் பரமலிங்கமும் வந்து கட்டில் காலடியில் இருந்தார். காற்று எந்தப் பக்கம், மூன்றாவதாக வந்தால் என்ன குடுப்பாங்கள் என்றெல்லாம் கேட்டார். வாகீசனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

நேற்றுப் பின்னேரம் மூன்றாவது மலை. பகல் முழுக்க வெங்காயத் தறைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறிவிட்டு வந்து சைக்கிளில் ஏறியவனுக்கு முழங்கால் கடுத்தது. ஐயா நல்ல உசாராக இருந்தார்.

"நீயும் ஒருத்தன் இருக்கிறாய். துலாவிலை ரெண்டடி வைச்சிட்டு இறக்கி விடு எண்டு குளறினனீ. அவனைப் பார், எங்கை நிக்கிறான் எண்டு."

வாகீசன் இரண்டு மிதி மிதித்தான்.

"அண்ணை வெளிக்கிட்டிட்டார்," என்றான். "எழும்பிட்டார். காத்துத் தள்ளுது. ஒரு பக்கம் சாயிறார்." கொஞ்சம் பொறுத்தான். "விழுந்திட்டார்."

மிதிப்பதை நிறுத்தினான். றேடியோ செத்தது.

"எழும்பினவனோ?"

நாலாவது மலையில் அண்ணையை முதலாவதாக வரப்பண்ணுவதாகத்தான் வாகீசன் யோசித்து வைத்திருந்தான். விழுந்து எழும்பி வெல்கிறவனுக்குத்தான் கைதட்டு அதிகம். அதற்கிடையில் கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் கொஞ்சம் தவிக்கவேண்டும்.

"அது நாளைக்குத்தான் தெரியும் ஐயா."

"இன்னும் கொஞ்சம் மிதியன் மேனை."

"எனக்குக் கால் நோகுது."

ஐயா சரிந்து படுத்தார். விடிய அம்மா தேத்தண்ணியோடு போய் எழுப்பியபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, திருநீறு பூசிக் கொண்டுபோய் விறாந்தையில் கிடத்தினார்கள். பறை விடாமல் அடித்தது. அம்மா பெண்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி தொடங்கினாள்.

"பனிமலையிலை பாய்ஞ்ச பிள்ளை – என்ரை ராசா
பாதியிலை விழுந்ததென்ன
கால் முறிஞ்ச சேதி கேட்டோ – என்ரை துரையே
கண்ணை மூடிப் போனியளோ"

சுற்றியிருந்த பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். செத்தவருக்கு அழுததில் பாதி, முறிந்த காலுக்கு. கால் முறிந்ததென்று வாகீசன் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அது எங்கிருந்து வந்ததென்றும் தெரியவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியம்மா முறையான செல்வநாயகி வந்து அவன் முகத்தைத் தடவி, "நீயாவது முழுசாய் இருக்கிறாயே ராசா," என்று குளறினாள்.

மூத்தவன் தூக்கவேண்டிய கொள்ளிக்குடத்தை இளையவன் தூக்கினான். சுடலைக்குப் போகிற வழியெல்லாம் பின்னால் வந்தவர்கள் இரங்கிக் கதைத்தது அவனுக்குக் கேட்டது.

"மூத்தவன் எந்த ஆசுப்பத்திரியிலை கிடக்கிறானோ, பாவம்."

"தேப்பன் செத்ததும் தெரியாது."

"உவனும் பாவம். விழுந்ததைத் தன்ரை வாயாலை சொல்லவேண்டி வந்திட்டுது."

கொள்ளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்கும்போது வாகீசன் தீர்மானித்தான். ஐயாவுக்கு இனிச் சொல்லமுடியாது. அம்மாவுக்குச் சொல்லலாம். ஒரு நாளில் ஒரு துக்கம் போதும். மற்றதை அவன்தான் கொண்டுவந்து போட்டான், அவன்தான் எடுக்கவேண்டும். இன்றைக்கே.

முழுகிவிட்டு ஈரத்தோடு உள்ளே போனான். அம்மா அறைமூலையில் சுருண்டு கிடந்தாள். காலையிலிருந்து பல்லில் பச்சைத்தண்ணி படவில்லை. பக்கத்தில் குந்தினான்.

"அம்மா. அண்ணை விழேல்லை."

"ஓம் ராசா."

"மெய்யாத்தான் சொல்லுறன். நான் பொய் சொன்னனான். அண்ணை பாயிறதே இல்லை."

அம்மா எழும்பி இருந்தாள். அவனை வடிவாகப் பார்த்தாள்.

"பின்னை அங்கை என்ன செய்யிறான்?"

"மலைக்குக் கீழை பனி தள்ளுறார். சவளாலை."

வெளியே யாரோ கதிரைகளை அடுக்கினார்கள். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"முறிஞ்ச காலோடை சவள் பிடிக்க விட்டிருக்கிறாங்களே, பாவியள்."

"ஐயோ அம்மா, கால் முறியேல்லை! அவர் ஏறவே இல்லை, எங்கை விழுறது?"

"நீ என்னை ஆத்தப் பாக்கிறாய்." அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள். "கொப்பரும் உதைத்தான் சொன்னவர். ராத்திரி எனக்குச் சொல்லுறார், எழும்பியிருந்தால் சின்னவன் அதைச் சொல்லியிருப்பான், கால் முறிஞ்சிருக்கவேணும், அதுதான் தனக்குச் சொல்ல மனமில்லாமல் மிதிக்கிறதை நிப்பாட்டிப்போட்டான் எண்டு. தனக்குத் தெரியும் எண்டு உனக்குக் காட்டக்கூடாது எண்டும் சொன்னவர். நீ கவலைப்படுவியாம்."

 

அம்மா துவட்டி முடித்து எழும்பினாள். அன்றைக்கு அவள் தானாக எழும்பியது அப்போதுதான். குசினிக்குள் போய் ஒரு போத்தலோடு வந்தாள். உள்ளே கறுத்த எண்ணெய்.

"முறிவெண்ணெய். பரமலிங்கம்தான் முறிவு பாக்கிற பரியாரியாரிட்டை ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தது. சீவரத்தினம் நாளைக்குக் கொழும்புக்கு வெளிக்கிடுறானெல்லோ. அங்கையிருந்து ஆரும் போறவையிட்டைக் குடுத்துவிடட்டும்."

அம்மாவின் தம்பி சீவரத்தினம் வாசற்படியில் நின்று போத்தலைப் பார்த்தார். கடல் கடந்து, ஆமிச் சோதனை கடந்து, அதற்கும் அப்பால் அதைக் கொண்டுபோவதைக் கணக்குப் போடுகிற முகம்.

"அக்கா, உது போய்ச்சேர மாசி பங்குனி ஆகுமே."

"முறிவு ஆற நாள் எடுக்கும்தானே." போத்தலை வாகீசனிடம் நீட்டினாள். "நீ கட்டு. உன்ரை கைக்குத்தான் பலம் கூட. பிளேனிலை கசியக்கூடாது."

சீவரத்தினம் மருமகனைப் பார்த்தார். மருமகன் போத்தலை வாங்கினான்.

தக்கையை அமத்தி இறுக்கினான். மெழுகுதிரியை உருக்கி ஊற்றினான். ஒரு பிளாஸ்ரிக் சொப்பின் பையைப் போத்தல் வாயில் சுற்றி, நூலால் வரிந்து கட்டினான். அம்மா வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சொட்டு ஊறி, திரண்டு, அவளின் புறங்கையில் விழுந்தது.

"குடுங்கோ," என்றான் வாகீசன்.

நூலை அவிழ்த்து, மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து கட்டத் தொடங்கினான்.